கப்பல் முழுக்க மாமா

அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி மூன்று மணி நேரம் ஆவதற்குள் பதினோரு பேருக்குக் கால்விரல் ஒட்டிக்கொண்டது. இடது காலில், கட்டைவிரலுக்கு அடுத்த இரண்டு விரல்களும் முதல் கணுவரை ஒன்றாகி, பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான் இருந்ததுபோல, வலியும் இல்லாமல் வீக்கமும் இல்லாமல் ஒட்டிக்கொண்டன. நீச்சல் குளத்தில் கால் நனைக்க உட்கார்ந்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, வெயில் காரணமாக இருக்கும் என்றார் ஒருவர், குளத்துத் தண்ணீரில் போடுகிற மருந்து என்றார் இன்னொருவர், பிறகு மாலை டிபன் வந்துவிட்டது, எல்லோரும் பஜ்ஜி சாப்பிடப் போய்விட்டார்கள்.

பரிமளா மட்டும் அசையாமல் நின்றாள். அந்த விரலை அவளுக்குத் தெரியும். செத்துப்போன அவள் அம்மாவுக்கு அது இருந்தது, அவளுக்கு இருக்கிறது, அவள் மகள் லச்சுவுக்கு இருக்கிறது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று யாரும் இல்லாதவள் அவள். உலகத்தில் இரண்டே பேரிடம் மிச்சம் இருப்பதாக அவள் நம்பியிருந்த விரல், முன்பின் தெரியாத பதினோரு பேரின் கால்களில் வரிசையாகத் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தது. அந்தப் பதினோரு பேரையும் லச்சு அன்று மதியம் "மாமா" என்று கூப்பிட்டிருந்தாள்.

அயனாவரத்தில் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறவள் பரிமளா. துணிக்கடையில் ஆடித் தள்ளுபடிக்குப் போட்ட கூப்பனில் அவளுக்குக் கப்பல் விழுந்தது. இருவருக்கு நான்கு நாள், திருகோணமலை வரை போய்த் திரும்பி வரலாம் என்று கடைக்காரர் சொன்னபோது, அவள் முதலில் கேட்டது கப்பலில் கைப்பிடிக் கம்பி எவ்வளவு உயரம் இருக்கும் என்பதுதான். கம்பிக்கு நடுவில் ஐந்து வயதுக் குழந்தையின் தலை நுழையுமா, குழந்தை வாந்தி எடுத்தால் யாரைக் கூப்பிட வேண்டும், வீட்டில் சிலிண்டரை மூடினோமா இல்லையா என்று அவள் கவலைப்பட்ட எல்லாமே நடக்காமல் போயின. நடந்தது, கவலைப்பட அவளுக்குத் தோன்றாத ஒன்று.

அது துறைமுகத்துக் கவுண்டரிலேயே தொடங்கிவிட்டது.

"குழந்தையோட அப்பா எங்கம்மா?" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"நான் மட்டும்தான் சார்."

"அப்ப அவரோட சம்மதக் கடிதம் வேணுமே."

பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த கோர்ட்டு உத்தரவை அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு தடவை படித்தார். பின்னால் நின்ற வரிசையும் அவள் தோள் வழியாகப் படித்தது. அப்போதுதான் லச்சு நுனிக்காலில் எம்பி, கவுண்டர் விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"மாமா, எங்கப்பா உள்ளதான் இருக்காரு. அவருக்குக் கப்பல்லதான் வேலை. இன்னிக்கு நான் போய்ப் பாக்கப் போறேன்."

அந்தப் பொய்யைப் பரிமளாவே மறந்திருந்தாள். லச்சுவுக்கு மூன்று வயதிருக்கும்போது, அப்பா எங்கே என்று கேட்ட ஒரு நாளில், வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு சேலை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தவள், டிவியில் ஏதோ ஒரு கப்பல் போவதைப் பார்த்து, "கப்பல்ல போயிருக்காருடி" என்றாள். அவ்வளவுதான். குழந்தை அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல், இரண்டு வருடம், ஒரு கப்பலுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

தயாளன் ஆவடியில் இருந்தான். வேறு ஒருத்தியோடு, வேறு வீட்டில். ஆவடியிலிருந்து அயனாவரத்துக்கு ஒரே பஸ்.

இரண்டாம் நாள் விடிவதற்குள் கப்பல் விஷயத்தைப் புரிந்துகொண்டது. எதனால் என்று யாரும் துருவவில்லை, எப்படி என்றுதான் பார்த்தார்கள். லச்சு ஆன்ட்டி என்றோ அங்கிள் என்றோ கூப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் சேலை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிற வாடிக்கைக்காரர்களைக் கூப்பிட அம்மா சொல்லிக் கொடுத்திருந்த சொற்கள் அவை. சொந்தத்துக்கென்று இருக்கிற சொல்லைக் குழந்தை வாய்விட்டுச் சொன்னால்தான் விரல் ஒட்டியது. ஒட்டிய பிறகு, அந்த ஆள் லச்சு கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று விசாரிக்கத் தொடங்கினார், அவள் கம்பிப் பக்கம் போனால் எழுந்து நின்றார், பரிமளாவைப் பார்த்து, "என்ன தங்கச்சி, இப்படி இளைச்சுட்டே" என்றார். நேற்றுவரை பரிமளா குண்டாக இருந்தாளா என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று அவரும் யோசிக்கவில்லை, அவளாலும் கேட்க முடியவில்லை. கப்பல் டாக்டர் ஒவ்வொரு காலாகப் பார்த்து, "பிறவியிலிருந்தே" என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் தன்னுடைய ஷூவைக் கழற்றிப் பார்த்துவிட்டு, எழுதுவதை நிறுத்திக்கொண்டார்.

யார் மூத்த மாமா என்பதில்தான் முதல் சண்டை வந்தது.

"ஏனுங்க, குளத்துக்கிட்ட பாப்பா மொதல்ல கூப்பிட்டது என்னையத்தானுங்க" என்றார் பொள்ளாச்சியில் பம்ப்செட் கடை வைத்திருக்கும் நாச்சிமுத்து. "நாந்தான் பெரிய மாமன். வேணும்னா பாப்பாவையே கேளுங்க."

"நான் பை தூக்கினேன், அப்பவே மாமா சொல்லிச்சு" என்றான் அறைகளைச் சுத்தம் செய்யும் இபோம்சா. மணிப்பூர்க்காரன். இந்தக் கப்பலுக்கு வந்து பழகிய தமிழை அளந்து அளந்து பேசுவான். "குளத்துக்கு முன்னாடி பை. நான்தான் பெரிசு."

"வயசு இருவத்தி நாலு, பெரிய மாமனாமா! போப்பா, போய் பெட்சீட்டை மாத்து."

"மாத்திட்டேன் அண்ணா. உங்க ரூம்லதான் ஒரே முறுக்குத் தூள்."

பெரம்பூரிலிருந்து வந்திருந்த ரயில்வே ஓய்வுக்காரர் நாகபூஷணத்தை லச்சு தாத்தா என்றாள். அவர் மனைவி சரசா இதற்கு முன்பே விழித்துக்கொண்டு, "என்னைப் பெரியம்மான்னுதான் கூப்பிடணும், ஆமா" என்று குழந்தையிடம் பேசி வைத்திருந்தாள். இரண்டு பேருக்கும் விரல் ஒட்டியது.

"நான் தாத்தா, நீ பெரியம்மான்னா, எனக்கு நீ மகளாடி?" என்று நாகபூஷணம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அறுபது வயசுலயாவது மகள் மாதிரி பாத்துக்கோங்க. பொண்டாட்டியா இருந்து என்னத்தக் கண்டேன்?" என்றாள் சரசா.

சரசாவுக்கு ஒரே மகன், மஸ்கட்டில் இருந்தான், மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவள் அன்று மதியம் அவனுக்கு வீடியோவில் கூப்பிட்டு, அவன் எடுத்ததும் தான் எதுவும் பேசாமல் போனை லச்சு முகத்துக்கு நேராகப் பிடித்தாள். லச்சு, "அண்ணா, சாப்டியா?" என்றாள். அரை மணி நேரத்தில் அவனிடமிருந்து அவன் இடது காலின் போட்டோ வந்தது, அதற்குக் கீழே, "அம்மா, இது என்னம்மா?" என்று ஒரு வரி. அந்த வரியில் அம்மா என்று இரண்டு இடத்தில் இருப்பதைச் சரசா விரலால் தொட்டுத் தொட்டு எல்லோருக்கும் காட்டினாள்.

இதையெல்லாம் கப்பல் கொண்டாடியது. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதென்று யாரும் சொல்லாமலே வழக்கமானது. ஒட்டின விரல் இருப்பவர்கள் அதைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்துச் சாப்பிட்டார்கள். பரிமளா மட்டும் ஒரு வாய் இறங்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனென்றால் லச்சு ஒவ்வொரு மேஜையாகப் போய், ஒவ்வொரு ஆணின் முகத்தையும் அண்ணாந்து பார்த்து, "நீங்க எங்கப்பாவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேள்வியாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. என்றைக்காவது, யாராவது ஒருவர் முகத்தைப் பார்த்து, அவள் கேள்வி இல்லாமல் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால்?

சொல்லிவிட்டால் அவன் அப்பாதான். விரல் ஒட்டிய மற்றவர்களை மாற்ற முடியாததுபோல அவனையும் மாற்ற முடியாது. எவனோ ஒருவன், நல்லவனோ கெட்டவனோ, "என் குழந்தையைக் கொடு" என்று அயனாவரம் வீட்டு வாசலில் வந்து நிற்பான், எந்தக் கோர்ட்டு உத்தரவைக் காட்டி அவனை அனுப்புவது?

பயம் அவளுக்கு மட்டும் இல்லை. கப்பலில் இருந்த மனைவிமார்களுக்கும் அதே பயம். அவர்கள் கூடிப் பேசினார்கள். ஆண்கள் அறைக்குள்ளேயே இருக்கட்டும் என்றாள் ஒருத்தி. அங்கிள் என்று கூப்பிட வைத்துவிடலாம் என்றாள் இன்னொருத்தி. "அங்கிள்னா இன்னிக்கு அங்கிள், நாளைக்கு அப்பான்னு மாத்திக் கூப்பிட்டுட்டா?" என்றாள் சரசா. சித்தப்பா? "சித்தப்பாவுக்குள்ள அப்பா இருக்கு, வேண்டவே வேண்டாம். மாமாதான். அம்மாகூடப் பொறந்தவன் என்னிக்கும் அப்பாவா ஆக முடியாது பாருங்க."

ஆகவே, இரண்டாம் நாள் சாயங்காலம், ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: பயணிகள், பணியாளர்கள் என்று ஆண்கள் அத்தனை பேரும் உடனடியாக மேல்தளத்துக்கு வந்து, குழந்தை லக்ஷிதாவிடம் தங்களை மாமா என்று அறிமுகம் செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். வரிசை படியிறங்கி, குளத்தைச் சுற்றி, சமையல் கூடம்வரை போனது. புது மாப்பிள்ளைகளை மனைவிகள் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். இஞ்சின் அறையிலிருந்து கிரீஸ் கையோடு வந்தார்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள் ஈரக்கையோடு வந்தார்கள், கால் பிளாஸ்டரில் இருந்த ஒருவர் நாற்காலியில் தூக்கிவரப்பட்டார். லச்சு ஸ்டூலில் உட்கார்ந்து, ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே, மாமா, மாமா, மாமா என்றாள். திருகோணமலையில் இறங்கிப் பார்க்கக் கிடைத்த நேரத்தில் பாதி இதிலேயே போனது, யாரும் குறை சொல்லவில்லை.

பரிமளா அன்று முதல்முறையாக ஒரு முழுத்தட்டு சாப்பிட்டாள். இத்தனை நாள் குத்தாமல் விட்டிருந்த லச்சுவின் காதையும் இப்போது குத்திவிடலாம் என்று மாமாக்கள் முடிவெடுத்தபோது, அவள் சரி என்றாள். மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன் இல்லாததால்தான் அந்தக் காது ஐந்து வயதுவரை வெறுங்காதாக இருந்தது. நாளை நாலு மணிக்கு, மேல்தளத்தில் என்று நேரம் குறித்தார்கள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, லச்சு இட்லியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்: "எல்லாரும் மாமாவாயிட்டாங்களே, அப்ப எங்கப்பா யாரு?"

இபோம்சாதான், கணக்கைச் சரியாகச் சொல்கிறோம் என்ற பெருமையில், விரல் விட்டுக்கொண்டே சொல்லிவிட்டான்: "நானூத்திப் பதினொண்ணு மாமா ஆச்சு. ஒரே ஆள்தான் பாக்கி. கேப்டன் சார். அவர் கீழ வரமுடியல."

நாச்சிமுத்து அவன் தொடையில் கிள்ளினார். கிள்ளியும் பயனில்லை. லச்சு இட்லியைக் கீழே வைத்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"அவர்தான்" என்றாள். "மிச்சம் இருக்கறவர்தான் எங்கப்பா."

ஓடினாள். இரும்புப் படிகளில், சிவப்புக் கம்பளத்தில், மறுபடி இரும்புப் படிகளில், சின்னக் கால்கள் தடதடவென்று ஏறின. பரிமளா பின்னாலேயே ஓடினாள். வழியெல்லாம் மாமாக்கள் நின்றார்கள், ஆனால் அந்தக் குழந்தையைக் கை நீட்டித் தடுக்கிற மனசு நானூற்றுப் பதினோரு பேரில் ஒருவருக்கும் இல்லை, சுவரோடு சுவராக ஒதுங்கி வழிதான் விட்டார்கள். யாரும் அப்பாவாகிவிடக் கூடாதே என்று இவர்கள் எல்லோரையும் மாமாவாக்கியதுதான், மீதி இருக்கும் ஒருவரைக் குழந்தைக்கு விரலால் சுட்டிக் காட்டிவிட்டது என்று பரிமளாவுக்கு ஓடும்போதுதான் உறைத்தது.

கப்பலை ஓட்டும் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. வெள்ளைச் சட்டையில் நின்ற கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவருக்கு விஷயம் அதற்குள் தெரிந்துவிட்டது.

"சேச்சி," என்றார் பரிமளாவைப் பார்த்து. "எனக்குக் கொல்லத்துல ரெண்டு பெண்குட்டிகள் உண்டு."

லச்சு அவரை அண்ணாந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள். பரிமளா இரண்டு பேருக்கும் நடுவில் முட்டிபோட்டு விழுந்து, மகளின் வாயைப் பொத்தினாள். பொத்திய கையைப் பிறகு அவளே எடுத்தாள்.

"லச்சு, அப்பா கப்பல்ல இல்லடி."

"இருக்காரு. நீதானே சொன்ன?"

"பொய் சொன்னேன். அன்னிக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அப்பா ஆவடில இருக்காரு. வேற வீட்ல."

"எப்ப வருவாரு?"

"வர மாட்டாரு."

"அவருக்கு வழி தெரியாதா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. "தெரியும்" என்றாள் பரிமளா.

லச்சு அழவில்லை. அம்மாவை, கடையில் பார்த்த ஒருத்தியைப் பார்ப்பதுபோல, தலை முதல் கால்வரை பார்த்தாள். பிறகு, சேலை கொடுக்க வருகிறவர்களிடம் பேசுகிற அந்த நல்ல குரலில் சொன்னாள்:

"ஆன்ட்டி, கொஞ்சம் வழி விடுங்க."

பரிமளாவின் இடது செருப்புக்குள் ஏதோ விட்டது. தையல் பிரிவதுபோல, ஒரே இழுப்பில். அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு விரல்களும் தனித்தனியாக, நடுவில் வெளிச்சம் தெரிகிற இடைவெளியோடு, யாருடைய காலோ போலக் கிடந்தன.

லச்சு அவளைச் சுற்றிக்கொண்டு போய், கேப்டனை "மாமா" என்றாள். ரொம்ப மெதுவாக. கேப்டன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கப்பல் தவித்தது. மத்தியானச் சாப்பாட்டில் மாமாக்கள் கூடிக் கூடிப் பேசினார்கள்.

"அம்மாவே ஆன்ட்டியாப் போயிட்டா, நாமெல்லாம் யாருகூடப் பொறந்த மாமனுங்க?" என்றார் நாச்சிமுத்து. தன் காலை எடுத்து நாற்காலியில் வைத்து, விரல் இன்னும் ஒட்டித்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு பரிமளாவிடம் வந்து, "தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. சும்மா ஒரு வார்த்தை, அப்பா அடுத்த மாசம் வாராருன்னு சொல்லிப்போடுங்க. குழந்தைதானுங்க. மறந்துக்கும்" என்றார்.

"ரெண்டு வருஷம் மறக்கலியே அண்ணா" என்றாள் பரிமளா. சரசா ஊட்ட ஊட்ட லச்சு சாப்பிடுவதை, இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுக்க எழுந்தபோது லச்சு, "பரவால்ல ஆன்ட்டி, நீங்க உக்காருங்க" என்றாள். அந்த "நீங்க"தான் அவளை அறைந்தது. பெற்ற நாளிலிருந்து ஒரு தடவைகூட அந்தக் குழந்தை அவளை "நீங்க" என்று சொன்னதில்லை.

நாலு மணி ஆனது. குறித்த நேரத்தைத் தள்ளக் கூடாது என்று காது குத்தை நடத்தினார்கள். நானூற்றுப் பன்னிரண்டு மடியில் எந்த மடி என்று சூப்புக் கிண்ணத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கியதில் இபோம்சா பெயர் வந்தது. நாச்சிமுத்து முணுமுணுத்துக்கொண்டே தன் பட்டு வேட்டியை அவனுக்குக் கட்டிவிட்டார். அவன் சம்மணம்போட்டு உட்கார்ந்தான், லச்சுவை மடியில் ஏற்றியதும் தேம்பித் தேம்பி அழுதான், மாமா அழக் கூடாது என்று அதட்டி அவன் கண்ணை நாச்சிமுத்தே துடைத்துவிட்டார். கப்பல் அழகு நிலையத்துப் பெண் காது குத்தும் கருவியோடு வந்தாள். பரிமளா கூட்டத்தின் கடைசி வரிசையில், வேடிக்கை பார்ப்பவர்களோடு நின்றாள்.

வலது காதில் கருவி டப்பென்று அழுந்தியது. லச்சு அலறினாள்:

"அம்மா!"

தளமே திரும்பிப் பரிமளாவின் காலைப் பார்த்தது. அவளும் பார்த்தாள். விரல்கள் அசையவில்லை. இடைவெளி அப்படியே இருந்தது.

"அது வலிக்குக் கத்துறதும்மா" என்றாள் சரசா, அவள் முதுகைத் தடவி. "நான் பல் புடுங்கறப்பகூட அம்மான்னுதான் கத்தினேன். எங்கம்மா செத்து இருபது வருஷம். அதெல்லாம் கூப்பிட்டதா ஆகாது."

பரிமளா தலையாட்டினாள். அழுகை வரவில்லை. ஆனால் அவள் கண் மட்டும் பழக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. அந்தப் பெண் இடது காதுக்குப் போகிறாள். கருவியைத் துடைக்கவில்லை. காதையும் துடைக்கவில்லை. பரிமளாவுக்குத் தான் யார், தனக்குப் பேச உரிமை உண்டா என்பதெல்லாம் ஒரு நொடி மறந்துபோய், பின் வரிசையிலிருந்து குரல் கீச்சிட்டது:

"மேடம்! மேடம், அதைத் துடைக்கலையே! ஸ்பிரிட் போடுங்க மேடம், சீழ் வெச்சிரும்! அவளுக்கு உடம்புச் சூடு, சின்னக் கீறலுக்கே ஜுரம் வரும்! பஞ்சு இல்லையா? என் பைல இருக்கு, இருங்க, நான் கொண்டாரேன், தொடாதீங்க!"

இபோம்சாவின் மடியிலிருந்து, ஒரு காதில் கல்லும் கன்னமெல்லாம் கண்ணீருமாக, லச்சு கோபத்தோடு திரும்பினாள்.

"நீ ஏன் அங்க நின்னு கத்துற? இங்க வந்து கையப் பிடியேன்!"

"நீன்னுட்டா!" என்று கூவினாள் சரசா. "கேட்டீங்களா? நீன்னுட்டா!"

"நீன்னு சொல்லிப்போட்டா தங்கச்சி, ஓடுங்க ஓடுங்க!" என்று நாச்சிமுத்து கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கினார். நானூறு பேர் பிளந்து விட்ட வழியில் பரிமளா ஓடினாள். ஓடும்போதே செருப்புக்குள் விரல்கள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொண்டதை உணர்ந்தாள், குனிந்து பார்க்க நேரமில்லை, பஞ்சை முதலில் நனைக்க வேண்டியிருந்தது. இடது காது குத்தி முடியும்வரை லச்சு அவள் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். "நீ பொய்க்காரி" என்று நடுநடுவே சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆமாண்டி" என்று பரிமளா ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள்.

நான்காம் நாள் காலை, சென்னைக் கரை ஒரு கோடாகத் தெரிந்தது. மாமாக்கள் போன் நம்பர் எழுதிக்கொண்டு, யார் எந்தப் பண்டிகைக்கு வருவது என்று வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். லச்சு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பிகளுக்கு நடுவில் தலை நுழையாது என்று தெரிந்தும், பரிமளா அவள் கவுனின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தாள்.

"ஆவடி எந்தப் பக்கம்?"

பரிமளா கை காட்டினாள்.

"அந்த வீட்ல பாப்பா இருக்கா?"

இந்தக் கேள்வி வரும் என்று பரிமளா நினைக்கவே இல்லை. "இருக்கு" என்றாள். "பையன். எட்டு மாசம்னு சொன்னாங்க."

"அவன் எனக்கு யாரு?"

யாரும் இல்லை என்று சொல்லத்தான் அவள் நினைத்திருந்தாள். இத்தனை வருடமாக அந்த வீட்டைப் பற்றி அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் அதுதான். மகளின் புதுத் தோட்டைச் சுற்றி லேசாகச் சிவந்திருந்த காதைப் பார்த்தாள். சொன்னாள்.

"தம்பி."

லச்சு அந்தச் சொல்லை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிடித்திருந்தது போலிருக்கிறது. கம்பியில் ஏறி நின்று, வாய்க்கு இரண்டு பக்கமும் கையைக் குவித்து, கரையைப் பார்த்துக் கத்தினாள்:

"தம்பீ!"

ஆவடியில், குளியலறையில், தயாளன் பிளாஸ்டிக் தொட்டியில் குழந்தையை உட்காரவைத்து, காலுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். நுரையைக் கழுவினான். கழுவிய இடது காலைத் தூக்கிப் பார்த்தான். ஒட்டியிருந்த இரண்டு விரல்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். மறுபடி கழுவினான். அந்தக் கால் யாருடையது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"என்னங்க, துண்டு எடுத்துட்டுப் போனீங்களா?" என்று அடுப்படியிலிருந்து அவன் மனைவி கேட்டாள்.

குழந்தை சிரித்துக்கொண்டே காலை உதைத்துத் தண்ணீரை அடித்தது. தயாளன் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தான்.

"என்னங்க," என்று கேட்டுக்கொண்டே அவள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள்.